மடியில் கனமும் வழியில் பயமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருவீதி, பெரகல என்னும் இடத்தில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்களினூடாக ஹாலி-எலைக்கும், அங்கிருந்து பதுளைக்கும் செல்லுகின்றது. மற்றையது கொஸ்லாந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் கடந்து வெல்லவாயாவை நோக்கி இறங்குகின்றது. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுள் இச்சந்தியை ஒரு முறையேனும் கடவாதவர் அரியர். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு, இடையே பாம்புபோல் நெளிந்து செல்லும் வீதி. பனி மூடிய நாட்களில் பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா, மனிதனா என்று தெரிவதில்லை.

இவ்வீதியில் சாரதிகளிடையே ஒரு சங்கேத மொழி வழங்கி வருகின்றது. எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு இருமுறை சிமிட்டினால், “அடுத்த வளைவில் பொலிஸார் நிற்கின்றனர், வேகத்தைக் குறைத்துக்கொள்” என்பது பொருள். முன்பின் அறியாத ஒருவர் முன்பின் அறியாத மற்றொருவருக்குச் செய்யும் உபகாரம் இது. இலங்கை முழுவதும் உள்ள வழக்கமாயினும், மலைநாட்டிலே இதற்கு மதிப்பு அதிகம்.

விளக்குச் சிமிட்டும் வேலையை யந்திரமே செய்து தருமென்றால் எப்படியிருக்கும்? மேல்நாடுகளில் அத்தகைய யந்திரங்கள் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளன. பொலிஸாரின் ராடார் அலை வருவதை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி ஒன்று. அவர்களது லேசர் ஒளியைக் குழப்பிவிடும் கருவி மற்றொன்று. வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் இவற்றைத் தருவிக்கலாமா என்று விசாரிப்போர் நம்மிடையேயும் உளர். “ஐயா, அவை உண்மையில் வேலை செய்யுமா?” என்று மாணவர்களும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அது தகுமா தகாதா என்பதைப் பின்னர் பார்ப்போம். வேலை செய்யுமா என்பதை முதலில் ஆராய்வோம்.

புகையிரதம் ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி சற்று உயர்ந்த சுருதியிலும், நம்மைக் கடந்து போகும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பதை அப்புத்தளைப் பிள்ளைகள் நன்கு அறிவர். இதன் காரணத்தை 1842ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்தியன் டொப்ளர் எடுத்துரைத்தார். மூன்றாண்டுகளின் பின், ஒல்லாந்து தேசத்தில், ஓடும் புகையிரதத்தில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, அருகே இசைவல்லாரை நிறுத்திச் சுருதி மாறுவதைக் கேட்கச் செய்து இக்கொள்கையைச் சோதித்தனர்.

பொலிஸாரின் ராடார்க் கருவி இதே தத்துவத்தைக் கையாளுகின்றது. ஒலிக்குப் பதிலாக வானொலி அலையை அனுப்புகின்றது, அவ்வளவே. வண்டியில் மோதித் திரும்பும் அலையின் மீடிறன், வண்டியின் வேகத்திற்கேற்பச் சிறிது மாறுகின்றது. 24 கிகாஹேர்ட்ஸ் அளவிலான அலை, மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் எதிரே வரும் காரில் பட்டுத் திரும்பினால், மாற்றம் செக்கனுக்குச் சுமார் 3,200 அதிர்வுகள். அந்த மாற்றத்தை எண்ணிக் கருவி வேகத்தைச் சொல்லிவிடுகின்றது. அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் 1947ஆம் ஆண்டளவில் வீதிப் பொலிஸார் இம்முறையைக் கையாளத் தொடங்கினர்.

இனி, ராடாரைக் கண்டறியும் கருவியைப் பார்ப்போம். அது ஒரு வானொலிப் பெட்டியே. பாட்டுக்கும் செய்திக்கும் பதிலாகப் பொலிஸாரின் அலைவரிசையில் காதை வைத்துக்கொண்டிருக்கின்றது. அதற்கு இயற்கையிலேயே ஓர் அனுகூலம் உண்டு. பொலிஸாரின் அலை வண்டிவரை சென்று, பட்டு, திரும்பியும் வரவேண்டும். போகும் வழியிலும் மெலிவு. வரும் வழியிலும் மெலிவு. வண்டியிலுள்ள கருவிக்கோ ஒருவழிப் பயணத்தில் வந்த அலையே போதும். ஆகவே, பொலிஸாரின் கருவி வண்டியை அறியுமுன்னரே வண்டியிலுள்ள கருவி பொலிஸாரை அறிந்துகொள்ளலாம். நீண்டு நேராகக் கிடக்கும் வீதியில், ராடாரை இடைவிடாது இயக்கிக்கொண்டிருக்கும் பொலிஸாருக்கு எதிராக, இக்கருவி ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலேயே எச்சரிக்கை தருவதுமுண்டு. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால், பொலிஸாரும் அறிவற்றவரல்லர். ராடாரை ஓயாமல் இயக்காது, குறித்த வண்டி அண்மிய பின்னரே விசையை அழுத்தும் முறையை அவர்கள் கைக்கொண்டனர். அவ்வாறு அழுத்திய கணத்திலேயே வேகம் பதிவாகிவிடுகின்றது. வண்டியிலுள்ள கருவி கூவுகின்றது, உண்மைதான். திருடன் போன பின் குரைக்கும் நாயினால் பயன் யாது?

மேலும், இக்காலத்துப் புதிய கார்களிற் பல, பக்கத்தில் வரும் வண்டியைத் தாமே அறிந்துகொள்ளச் சிறு ராடார்களைப் பூட்டிக்கொண்டு வருகின்றன. பெரிய கடைகளின் தானே திறக்கும் கதவுகளிலும் இத்தகைய அலைகள் உண்டு. இவற்றிற் பல பொலிஸாரின் அலைவரிசைக்கு மிக அண்மையில் உள்ளவை. ஆதலால் கருவி காரணமின்றி அடிக்கடி கத்துகின்றது. புலி வருகின்றது, புலி வருகின்றது என்று பலமுறை பொய் சொன்ன சிறுவனின் கதை வாசகர்கள் அறிந்ததே. சில நாட்களில் சாரதி அதன் கூச்சலைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றார்.

அடுத்தது லேசர். இது கண்ணுக்குப் புலப்படாத ஒளியைச் சிறு சிறு துடிப்புகளாக அனுப்புகின்றது. ஒளி ஒரு செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரத்தில் 30 சென்ரிமீற்றர் தூரம் செல்லும். துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு வண்டியின் தூரத்தையும், அடுத்தடுத்த துடிப்புகளில் அத்தூரம் குறைந்துவரும் அளவைக் கொண்டு அதன் வேகத்தையும் கணிக்கின்றது. இக்கணிப்பு முழுவதும் ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும். 300 மீற்றருக்கு அப்பால் ராடார் அலை ஏறத்தாழ 60 மீற்றர் அகலத்திற்குப் பரந்து கிடக்க, லேசர் ஒளியோ ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்திற்குள் அடங்கிவிடுகின்றது. முன்னே செல்லும் வண்டியின்மேல் பட்ட ஒளி பின்னே வரும் வண்டியைத் தீண்டுவது அரிது. எனவே, முன்கூட்டியே எச்சரிக்கை பெறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. தன்மேல் ஒளி பட்டதை அறிவதும் தன் வேகம் பதிவானதை அறிவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிகழ்வன.

இக்குறையை நீக்கவே லேசர்க் குழப்பிகள் தோன்றின. இவற்றை வண்டியின் முகப்பிற் பொருத்துவர். பொலிஸாரின் ஒளி வந்து பட்டதும், அதே வகைத் துடிப்புகளை இவையும் திருப்பி உமிழ்கின்றன. எது உண்மையாகப் பட்டுத் திரும்பிய ஒளி, எது போலி ஒளி என்று பிரித்தறிய மாட்டாமல் பொலிஸாரின் கருவி திகைக்கின்றது. வேகம் காட்டாது பிழையென்று காட்டுகின்றது. சில குழப்பிகள் சில கருவிகளுக்கு எதிராகச் சில செக்கன்கள் வெற்றி பெறுகின்றன என்பது மெய்யே. அந்தச் சில செக்கன்களுக்குள் சாரதி வேகத்தைக் குறைத்து, குழப்பியையும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிடில், வேகமே காட்டாத வண்டி எதுவெனப் பொலிஸார் உற்று நோக்குவர். புதிய கருவிகளோ, தாம் குழப்பப்படுவதை உணர்ந்து அதனையே அறிவிக்கும் திறம் பெற்றுவிட்டன. பொலிஸாருக்குக் கண்கள் இல்லையா? பாய்ந்து வரும் வண்டியை அவர்கள் நேரிற் காண்கின்றனர் அன்றோ? பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது.

இவையெல்லாவற்றிற்கும் மேலாக, அலையும் ஒளியும் வேண்டாத ஒரு முறையும் வந்துவிட்டது. வீதியில் இரண்டு இடங்களில் புகைப்படக் கருவிகளை நிறுத்தி, வண்டியின் இலக்கத்தையும் கடந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுகின்றனர். இடைத்தூரத்தை எடுத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைத்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு இது. பிரித்தானியாவில் கால் நூற்றாண்டுக்கு மேலாக இம்முறை நடைமுறையில் உள்ளது. இதற்கெதிராக ராடார் அறியும் கருவி எதைச் செவிமடுக்கும்? லேசர்க் குழப்பி எதைக் குழப்பும்?

சட்டம் என்ன கூறுகின்றது என்பதையும் காண்போம். அமெரிக்காவில் ராடார் அறியும் கருவியைச் சாதாரணக் கார்களில் வைத்திருக்கப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன. வெர்ஜீனியா மாநிலம் தடை செய்துள்ளது. அங்கே, கண்டறியும் கருவியையே கண்டறியும் கருவியொன்றைப் பொலிஸார் வைத்திருக்கின்றனர் என்பது வேடிக்கை. ராடார் அலையைக் குழப்பும் கருவியோ அந்நாடு முழுவதும் விலக்கப்பட்டது. நெதர்லாந்து 2004ஆம் ஆண்டிலும் பிரான்ஸ் 2012ஆம் ஆண்டிலும் எச்சரிக்கைக் கருவிகளைத் தடுத்தன. பிரித்தானியாவில், ராடார் அறியும் கருவியைப் பயன்படுத்துவது குற்றமன்று என 1998இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயினும், லேசர்க் குழப்பி பொருத்தியோர்மீது நீதியின் போக்கைத் திரித்தமைக்காக வழக்குத் தொடரப்பட்டதுண்டு. கேட்பது வேறு, கெடுப்பது வேறு என்பது அங்குள்ளோர் கண்ட பேதம். இலங்கையிலோ, வானொலி அலையை உமிழும் எக்கருவிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென்பது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் விதி. ஆகவே, ராடார்க் குழப்பியை வாங்கிப் பூட்டுகின்றவர், வேகத் தண்டத்தினின்றும் தப்ப எண்ணி அதனினும் பெரிய வழக்கொன்றைத் தேடிக்கொள்ளுகின்றார்.

இவையெல்லாம் பொதுவான செய்திகள். பெரகல வீதியில் இக்கருவிகள் எவ்வளவு உதவும்? இங்கு நூறு மீற்றர் நேராகக் காண்பதே அரிது. ராடார் அலையும் லேசர் ஒளியும் நேர்கோட்டிற் செல்வன; மலையைத் துளைத்துச் செல்வனவல்ல. வளைவிற்கு அப்பால் நிற்கும் பொலிஸாரின் அலை, வளைவிற்கு இப்பாலுள்ள வண்டியை வந்தடைவது கடினம். வளைவைத் திரும்பியதும் பொலிஸாரும் வண்டியும் நேருக்கு நேர். ஆதலால், தாம் விலை கொடுத்து வாங்கிய கருவியைக் காட்டிலும், எதிரே வரும் லொறிச் சாரதியின் இலவச விளக்கே இங்கு சிறந்த கருவி. கைத்தொலைபேசியின் வரைபடத்தில் பொலிஸார் நிற்குமிடத்தைப் பிறர் குறித்து வைப்பதும் இவ்வகையினதே.

ஆனால், அந்த விளக்கினால் விளைவது யாது? சாரதி இருநூறு மீற்றர் தூரம் சாதுவாகச் செல்கின்றார். பொலிஸாரைக் கடந்ததும், இழந்த நேரத்தை ஈடுசெய்ய முன்னிலும் விரைவாகப் பாய்கின்றார். புகைப்படக் கருவிகள் நாட்டப்பட்ட மேல்நாட்டு வீதிகளிலும் இக்குணத்தை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பொலிஸாருக்காகக் குறைந்த வேகம் பொலிஸாரோடே நின்றுவிடுகின்றது. அடுத்த வளைவில் பொலிஸார் இல்லை. ஆனால், பாடசாலை விட்டு லயத்திற்குத் திரும்பும் பிள்ளைகள் இருக்கின்றனர். கொழுந்துக் கூடையுடன் வீதியைக் கடக்கும் தாய்மார் இருக்கின்றனர். மலைவீதியின் பல பகுதிகளில் நடைபாதை கிடையாது. ஒரு புறம் மண்மேடும் மறுபுறம் பள்ளமும் இருக்க, தார் வீதியின் ஓரமே அவர்களுக்கு நடைபாதை. அவர்களை முன்னறிவிக்கும் கருவியை எந்தக் கடையும் விற்பதில்லை.

மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கட்டும். அபாயத்தைக் கண்ட சாரதி தடுப்பை மிதிக்க ஒன்றரைச் செக்கன் ஆகுமெனக் கொள்வோம். ஈரமான இறக்கத்தில் வண்டியின் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 3.5 மீற்றர் எனவும் கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வண்டி ஏறத்தாழ 35 மீற்றருள் நின்றுவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வண்டிக்கோ 65 மீற்றர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால், தடுப்பை மிதித்த பின் ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகின்றது. முதல் வண்டி முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் 50 கிலோமீற்றருக்கு மேலே! அவ்விடத்தில் ஒரு பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அவ்வேகத்தினாற் பெறும் இலாபந்தான் எவ்வளவு? இருபது கிலோமீற்றர் மலைவீதியை 40 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க முப்பது நிமிடம். 50 கிலோமீற்றர் வேகத்தில் இருபத்துநான்கு நிமிடம். ஆறு நிமிடத்துக்காக, ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்துக்காக, இத்தனை கருவிகளும் இத்தனை தந்திரங்களும்!

இறக்கத்திலே இன்னுமோர் அபாயம் உண்டு. கனமான வண்டி வேகமாக இறங்கும்போது, அதன் சக்தி முழுவதும் தடுப்புக் கட்டைகளில் வெப்பமாக மாறுகின்றது. வெப்பம் மிகுந்தால் உராய்வு குறைந்து, மிதித்தும் நில்லாத நிலை உண்டாகும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியர் என்று பழைய தோட்டத்து லொறிச் சாரதிகள் கூறும் விதி இதனாலேயே எழுந்தது. ஊவா மக்கள் இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றவர்கள். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பசறையில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்தது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்களைப் பலிகொண்டது. இலங்கை வீதிகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாளுகின்றனர். இவ்விபத்துகள் யாவும் வேகத்தால் மட்டுமே நேர்ந்தவை என்று நாம் கூறவில்லை. வீதியின் குறை, வண்டியின் குறை, சாரதியின் களைப்பு என்று காரணங்கள் பல. எனினும், ஏனைய குறைகளை மன்னிக்கும் வல்லமை குறைந்த வேகத்திற்கு உண்டு. மிகுந்த வேகமோ சிறு குறையையும் மன்னிப்பதில்லை.

சாரதிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடலாகாது. வேக எல்லையைக் காட்டும் பலகை பற்றைக்குள் மறைந்து கிடக்க, அதற்கப்பால் மறைந்து நின்று பிடிப்பது நீதியா என்று அவர்கள் கேட்கின்றனர். நாள் வருமானத்தை நம்பி ஓடும் தனியார் பஸ் சாரதி, முன்னே செல்லும் பஸ்ஸை முந்தாவிடில் அன்றைய கூலி குறைந்துவிடும் என்கின்றார். ஒரு தண்டப் பத்திரத்தால் ஒரு வாரத்து வீட்டுச் செலவு தடைப்படும் குடும்பங்களும் உண்டு. இவை புறக்கணிக்கத்தக்க முறைப்பாடுகளல்ல. ஆனால், இவற்றிற்குப் பரிகாரம் குழப்பிக் கருவியன்று. எல்லைப் பலகைகள் தெளிவாக நிற்க வேண்டும். வேகம் அளக்கும் கருவிகள் காலந்தவறாது சரிபார்க்கப்பட வேண்டும். பஸ்களின் நேர அட்டவணை மலைவீதிக்குப் பொருந்த வேண்டும். இவற்றைச் சங்கங்கள் மூலமும் பிரதேச சபை மூலமும் வெளிப்படையாகக் கேட்பதே முறை. அளவீட்டில் ஐயமுள்ளவருக்கு நீதிமன்றம் இருக்கின்றது. பொலிஸார் வீதியோரத்தில் சற்றுச் சாய்வாக நின்று அளக்கும்போது, கருவி காட்டும் வேகம் உண்மை வேகத்திற் சிறிது குறைவாகவே அமையும் என்பதையும் சாரதிகள் அறிந்திருத்தல் நன்று. அச்சாய்வு சாரதிக்கே சாதகம்.

மோட்டார் காருக்கு ஊர்மனை நிறைந்த இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றரும் ஏனைய வீதிகளில் 70 கிலோமீற்றரும் எல்லையென விதிக்கப்பட்டுள்ளது. அது மேல் எல்லையேயன்றி, எங்கும் அவ்வேகத்தில் ஓடவேண்டுமென்ற கட்டளையன்று. பனி மூடிய பெரகல வளைவில் 40 கிலோமீற்றரும் அதிகமாகலாம். அதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. சாரதியின் மனமே சொல்லவேண்டும்.

நமது மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். பாடசாலை வேலிக்குள்ளேயே நின்று, வெளியே வீதியோரத்தில் 50 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு கம்பங்களையோ மரங்களையோ குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி அத்தூரத்தைக் கடக்க எத்தனை செக்கன் ஆகின்றதெனக் கைக்கடிகாரத்தாற் பாருங்கள். நான்கரைச் செக்கன் என்றால் மணிக்கு 40 கிலோமீற்றர்; மூன்று செக்கன் என்றால் 60; இரண்டரை என்றால் 72. ஒரு வாரம் எழுதிவைத்து, அப்பட்டியலை உங்கள் அதிபரிடம் கொடுங்கள். பாடசாலைக்கு முன் வேகத்தடையோ கடவைக் கோடோ வேண்டுமென்று கேட்க அதைவிட வலிய சான்று வேறில்லை. டொப்ளர் கண்ட விஞ்ஞானத்தை ஒளிந்துகொள்ளப் பயன்படுத்துவோரும் உளர். நீங்கள் அளந்தறிந்து உயிர் காக்கப் பயன்படுத்துங்கள்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பது நம் முன்னோர் வாக்கு. வேகம் என்னும் கனத்தை மடியிற் கட்டிக்கொண்டவருக்கே ராடாரும் லேசரும் பயம்; அவருக்கே கருவியும் குழப்பியும் தேவை. கனத்தை இறக்கி வைத்தவருக்கு வளைவுக்கு வளைவு பொலிஸார் நின்றாலென்ன? எதிரே வரும் சாரதி சிமிட்டும் விளக்கையும், “பிள்ளைகள் நடந்து வருகின்றனர், மெல்லப் போ” என்னும் செய்தியாகவே அவர் ஏற்றுக்கொள்ளட்டும். அப்பொருளில் அது சிமிட்டுமாயின், அதனினும் மேலான கருவி இம்மலைநாட்டு வீதிகளுக்கு வேண்டுவதில்லை.